ஃபில்டர் புதுசு, ஃபேன் பழசு: சிம்னி சுத்தமானால் மட்டும் போதுமா?

தொழிற்சாலையில் புதிய மாசுக் கட்டுப்பாட்டுக் கருவி போட்டாச்சு. சிம்னியில் முன்பு போல் புகை தெரிவதில்லை. சோதனை அறிக்கையும் வரம்புக்குள் வந்துவிட்டது. ஆனால் உள்ளே வேலை செய்பவர்களிடம் கேட்டால், “முன்னாடியைவிட இப்பதாங்க தூசி ஜாஸ்தி” என்கிறார்கள். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியுமா?

முடியும். பல இடங்களில் நடப்பதும் இதுதான். காரணம் பெரும்பாலும் புதிய ஃபில்டர் அல்ல. அதற்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் பழைய ஃபேன். லட்சக்கணக்கில் செலவு செய்து கருவியை மாற்றுகிறார்கள். காற்றை இழுக்கும் ஃபேனை மட்டும் “நல்லாத்தானே ஓடுது” என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். இதன் விலையை முதலில் கொடுப்பது தொழிலாளியின் நுரையீரல்.

ஃபேனுக்கும் ஃபில்டருக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு வார்ப்படத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். கோவைப் பக்கம் ‘ஃபவுண்டரி’ என்றால் எல்லோருக்கும் புரியும். வார்த்த பொருளை மண் அச்சிலிருந்து உதறி எடுக்கும்போது மண் தூசி கிளம்பும். அந்த இடத்துக்கு மேலேயோ பக்கவாட்டிலோ ‘ஹுட்’ என்ற உறிஞ்சு வாய் இருக்கும். அது இழுக்கும் தூசிக் காற்று ‘டக்ட்’ குழாய் வழியாகப் போய், ஃபில்டரில் வடிகட்டப்பட்டு, சிம்னி வழியாக வெளியேறும். இந்த மொத்தப் பாதையிலும் காற்றை ஓட வைப்பது ஒரே ஒரு ஃபேன். பட்டறையில் ‘ப்ளோயர்’ என்பார்கள்.

பாதையில் உள்ள ஒவ்வொன்றும் காற்றைக் கொஞ்சம் தடுக்கும். ஹுட் தடுக்கும், வளைவுகள் தடுக்கும், ஃபில்டர் தடுக்கும். இந்தத் தடையை ‘பிரஷர் டிராப்’ என்கிறார்கள். எத்தனை மில்லிமீட்டர் தண்ணீரை உயர்த்தும் அழுத்தம் என்ற கணக்கில் இதை அளப்பது வழக்கம்.

எல்லாக் கருவிகளும் ஒரே அளவு தடுப்பதில்லை. மின்புலத்தால் தூசியைப் பிடிக்கும் ஈஎஸ்பி கருவியில் தடை மிகக் குறைவு. பொதுவாக 25 மி.மீ. அல்லது அதற்கும் கீழே. துணிப் பைகள் வழியாகக் காற்றை வடிகட்டும் பேக் ஃபில்டரில் 100 முதல் 150 மி.மீ. வரை சர்வசாதாரணம். தண்ணீரைத் தெளித்துத் தூசியைப் பிடிக்கும் வென்சுரி ஸ்க்ரப்பரில் 250 மி.மீ.க்கு மேலும் போகும்.

அதாவது ஈஎஸ்பியைக் கழற்றிவிட்டு பேக் ஃபில்டர் போட்டால், ஃபேன் இழுக்க வேண்டிய சுமை திடீரென்று கூடுகிறது. சிமென்ட் ஆலைகளில் பழைய ஈஎஸ்பியின் கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே பைகளை மாட்டுவது பல நாடுகளில் நடக்கும் வேலை. அங்கெல்லாம் ஃபேனையும் சேர்த்தே மாற்றவோ மேம்படுத்தவோ வேண்டியிருப்பது இதனால்தான்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு எளிய உதாரணம். ஒரு ஃபேன் விநாடிக்கு 10 கன மீட்டர் காற்றை இழுக்கிறது. பாதையின் மொத்தத் தடை 250 மி.மீ. ஃபேனின் திறன் 65 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஷாஃப்ட்டில் சுமார் 38 கிலோவாட் தேவை. மோட்டார் 45 கிலோவாட். எல்லாம் சரியாக ஓடுகிறது.

இப்போது 50 மி.மீ. தடை கொண்ட பழைய சைக்ளோனை எடுத்துவிட்டு, 150 மி.மீ. தடை கொண்ட பேக் ஃபில்டரை வைக்கிறார்கள். அதே 10 கன மீட்டர் காற்று வேண்டுமென்றால், மொத்தத் தடை இப்போது 350 மி.மீ.

ஃபேனைத் தொடாமல் விட்டால் என்ன ஆகும்? ஃபேன் நிற்காது. சத்தமும் பெரிதாக மாறாது. இழுக்கும் காற்று மட்டும் குறையும். இந்த உதாரணத்தில் விநாடிக்கு 10 கன மீட்டர் என்பது தோராயமாக 8.8 ஆக இறங்கும். ஆம்பியர் மீட்டரில் கரண்ட்டும் லேசாகக் குறையும். “பார்த்தீங்களா, கரண்ட் மிச்சம்!” என்று யாராவது சந்தோஷப்படக்கூடும். உண்மையில் குறைந்தது, இழுக்க வேண்டிய தூசிக் காற்று.

12 சதவீதம்தானே என்று தோன்றலாம். ஆனால் மண் தூசியைக் கீழே படியவிடாமல் கொண்டுபோக, டக்டில் காற்று விநாடிக்கு 18 முதல் 20 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும். 20 மீட்டருக்கு வடிவமைத்த டக்டில் 12 சதவீதம் குறைந்தால் 17.6 மீட்டர். தூசி மெல்லப் படியத் தொடங்கும். படியப் படியப் பாதை குறுகும், தடை கூடும், காற்று இன்னும் குறையும். சில மாதங்களில் ஹுட் பெயருக்குத்தான் இருக்கும்.

சிம்னி ஏன் பொய் சொல்கிறது?

விஷயத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. சிம்னியில் அளப்பது, வெளியே போகும் ஒவ்வொரு கன மீட்டர் காற்றிலும் எத்தனை மில்லிகிராம் தூசி என்பதை. ஹுட் சரியாக இழுக்காவிட்டால் ஃபில்டருக்குப் போகும் தூசியும் குறைவு, வேலையும் குறைவு. ஆக, சிம்னி அளவு நன்றாகவே வரும். பிடிபடாத தூசி தொழிற்சாலைக்குள்ளேயே சுற்றும். சன்னல், கதவு, கூரை இடுக்கு வழியாக அக்கம்பக்கத்துக்கும் போகும். அதை எந்த சிம்னி மீட்டரும் பதிவு செய்யாது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ல், அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் ஆன்லைன் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் காற்று மாசுக்கான அந்தக் கருவி பார்ப்பது சிம்னியை. ஹுட்டின் வாயில் எவ்வளவு காற்று இழுக்கப்படுகிறது என்று அது பார்ப்பதில்லை.

சட்டம் இதை மறந்துவிடவில்லை. 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், பிரிவு 14, தூசியும் புகையும் தொழிலாளிகள் சுவாசிக்கும் அளவுக்குச் சேராமல் தடுக்கச் சொன்னது. உறிஞ்சு கருவி தேவைப்பட்டால், அது தூசி கிளம்பும் இடத்துக்கு முடிந்தவரை அருகில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. 1981-ம் ஆண்டின் காற்றுச் சட்டத்தின் கீழ் வரும் அனுமதி வெளியே போவதைக் கவனிக்கிறது. தொழிற்சாலைகள் சட்டம் உள்ளே இருப்பவரைக் கவனித்தது. இரண்டையும் இணைப்பது ஃபேன். ஆனால் இரண்டு ஃபைல்களும் இரண்டு அலுவலகங்களில் இருக்கின்றன.

வார்ப்பட மண்ணில் இருப்பது சிலிகா. காற்றில் மிதக்கும் நுண்ணிய படிக சிலிகாவை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வைத்துள்ளது. அதைத் தொடர்ந்து சுவாசித்தால் வரும் சிலிகோசிஸ் நோயில் நுரையீரலில் ஏற்படும் தழும்பை மருந்தால் சரிசெய்ய முடியாது. 12 சதவீதக் காற்றுக் குறைவைச் சின்ன விஷயமாக ஒதுக்க முடியாதது இதனால்தான்.

வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடுமா?

“அவ்வளவுதானே, புல்லியை மாத்தி ஸ்பீடைக் கூட்டிடலாம்” என்பதுதான் முதலில் வரும் யோசனை. சரியான யோசனைதான். ஆனால் அதற்கு விலை உண்டு.

ஃபேனுக்கு மூன்று விதிகள் உண்டு. வேகத்தைக் கூட்டினால் காற்றின் அளவு அதே விகிதத்தில் கூடும். அழுத்தம் வேகத்தின் இருமடியாகக் கூடும். தேவைப்படும் பவர் மும்மடியாகக் கூடும்.

நம் உதாரணத்தில் 8.8-லிருந்து மறுபடி 10 கன மீட்டருக்குப் போக, வேகத்தைச் சுமார் 13.6 சதவீதம் கூட்ட வேண்டும். 1,000 ஆர்பிஎம் ஓடிய ஃபேன் 1,136-க்குப் போக வேண்டும். பவர் சுமார் 36 கிலோவாட்டிலிருந்து 53 கிலோவாட்டுக்குத் தாவும். ஆனால் இருப்பது 45 கிலோவாட் மோட்டார். ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆகும்.

அடுத்து நடப்பதுதான் ஆபத்து. மோட்டார் ட்ரிப் ஆகாமல் இருக்க, ஷிஃப்ட்டில் இருப்பவர் டேம்பரைக் கொஞ்சம் மூடுவார். கரண்ட் குறையும், மோட்டார் ஓடும், உற்பத்தி நிற்காது. ஹுட் மறுபடி பட்டினி. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்குக் கிடைத்த ஒரே கைப்பிடி அந்த டேம்பர்தான்.

மோட்டாரை மாற்றினாலும் வேலை முடியாது. வேகம் 13.6 சதவீதம் கூடினால், சுழலும் இம்பெல்லரில் சுழற்சியால் வரும் இழுவிசை கிட்டத்தட்ட 29 சதவீதம் கூடும். இம்பெல்லர் தாங்குமா? ஷாஃப்ட் அதிரத் தொடங்கும் வேகத்துக்கு அருகில் போய்விடுமா? பேரிங் தாங்குமா? இதைத் தயாரிப்பாளர் தரும் அதிகபட்ச வேக வரம்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பிளேடுகள் தேய்ந்துபோன பழைய இம்பெல்லராக இருந்தால் அந்த வரம்பைக்கூட அப்படியே நம்பக்கூடாது. வேகமாகச் சுற்றும் இம்பெல்லர் உடைந்தால் அது வெறும் மெஷின் ரிப்பேர் அல்ல. பக்கத்தில் நிற்பவர் உயிருக்கு ஆபத்து.

விஎஃப்டி இருந்தால் 50 ஹெர்ட்ஸைத் தாண்டி ஓட்டலாமே என்று கேட்கலாம். 50 ஹெர்ட்ஸைத் தாண்டினால் சாதாரண மோட்டாரின் டார்க் குறையத் தொடங்கும்; பவர் அதன் வரம்பிலேயே நிற்கும். ஃபேன் கேட்பதோ மும்மடியாக ஏறும் பவரை. விஎஃப்டி அருமையான கருவிதான். ஆனால் இல்லாத பவரை அது உண்டாக்காது.

தடை அதிகமானால் சில ஃபேன்களில் இன்னொரு சிக்கலும் வரும். ஃபேனின் வரைபடத்தில் உச்சப் புள்ளிக்கு இடப்பக்கம் தள்ளப்பட்டால், காற்றோட்டம் முன்னும் பின்னுமாக அலையும். பெரிய ஆக்சியல் ஃபேன்களில் இது ‘ஸ்டால்’ எனப்படும். பிளேடுகள் அதிர்ந்தே உடையலாம்.

தடை குறைந்தாலும் சிக்கல்தான்

எல்லா மாற்றமும் தடையைக் கூட்டுவதில்லை. அடைத்துப் போயிருந்த பழைய ஃபில்டருக்குப் பதில் பெரிய, தடை குறைந்த ஃபில்டர் வந்தால் ஃபேன் தேவைக்கு மேல் இழுக்கும். பல வகை ஃபேன்களில் காற்று கூடும்போது பவரும் ஏறி, மோட்டார் திணறும். உலையிலிருந்து தேவையில்லாத வெப்பமும், சில இடங்களில் நல்ல மூலப்பொருளும் சேர்ந்து போய்விடும்.

புதுப் பைகள் மாட்டிய முதல் சில நாட்களுக்கு இது குறிப்பாகப் பொருந்தும். சுத்தமான துணியில் தடை மிகக் குறைவு. அந்த நேரத்தில் ஃபேனை முழு வேகத்தில் விட்டால், நுண்ணிய தூசி துணியின் உள்ளிழைகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு உதறினாலும் வராது. பைகளின் ஆயுள் குறையும். எனவே மேல்பரப்பில் தூசிப் படலம் உருவாகும் வரை காற்றைக் கட்டுப்படுத்தி, பிறகு படிப்படியாகத் திறக்க வேண்டும்.

இப்படிக் குறைக்க வேண்டிய நிலையில் மும்மடி விதி நமக்குச் சாதகம். வேகத்தை 10 சதவீதம் குறைத்தால் பவர் சுமார் 27 சதவீதம் குறையும். டேம்பரை மூடி வைத்து ஓட்டுவது, ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே பிரேக் பிடிப்பது மாதிரி. வேகத்தைக் குறைப்பதுதான் உண்மையான சேமிப்பு.

சூடும் ஈரமும்

ஃபேன் எவ்வளவு கன மீட்டர் இழுக்கிறது என்பது மட்டும் போதாது. அந்தக் காற்றின் எடையும் முக்கியம். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. 150 டிகிரியில் சுமார் 0.83 கிலோ. சூடான வாயுவுக்காகத் தேர்ந்தெடுத்த ஃபேனைக் குளிர்ந்த நிலையில், டேம்பர் முழுக்கத் திறந்து ஸ்டார்ட் செய்தால் பவர் 40 சதவீதத்துக்கு மேல் கூடுதலாகக் கேட்கும். கருவியை மாற்றியபோது வாயுவின் வெப்பநிலை மாறியிருந்தால், பழைய கணக்கு எதுவும் செல்லாது.

ஈர ஸ்க்ரப்பர் போட்டால் வாயு குளிர்ந்து சுருங்கும். கூடவே நீராவியும் சேரும். இரண்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஃபேன் ஸ்க்ரப்பருக்குப் பின்னால் இருந்தால் நீர்த்துளிகளும் ஈரத் தூசியும் பிளேடில் ஒட்டி, பேலன்ஸ் போகும். அமிலத் தன்மை இருந்தால் உலோகம் அரிக்கும்.

மின் நிலையங்களில் என்ன நடக்கும்?

இதே பிரச்சினை அனல் மின் நிலையங்களில் மிகப் பெரிய அளவில் வருகிறது. 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனல் மின் நிலையங்களுக்குப் புதிய மாசு வரம்புகளை அறிவித்தது. கந்தக டை ஆக்சைடைக் குறைக்க எஃப்ஜிடி என்ற கருவியைப் பொருத்துவது பற்றிய பேச்சு அதிலிருந்துதான் சூடுபிடித்தது. காலக்கெடு பலமுறை தள்ளிப்போனது. 2025 ஜூலையில் வந்த அறிவிப்பு பெரும்பாலான நிலையங்களுக்குக் கந்தக வரம்பில் விலக்கும் அளித்தது. அந்த முடிவு சரியா தவறா என்பது தனி விவாதம். ஆனால் எஃப்ஜிடி போடும் இடங்களில், கூடும் தடையைத் தாண்ட ஐடி ஃபேனை மேம்படுத்தவோ, கூடுதலாக ஒரு பூஸ்டர் ஃபேன் வைக்கவோ வேண்டியிருக்கும்.

அங்கே இன்னொரு அபாயமும் உண்டு. கொதிகலனின் உலை வெளிக்காற்றைவிட லேசாகக் குறைந்த அழுத்தத்தில் இயங்கும். திடீரென்று நெருப்பு அணைந்தால், சக்திவாய்ந்த ஃபேன் உள்ளிருக்கும் வாயுவை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உலையின் சுவர்கள் உள்நோக்கி நசுங்கும். இதற்கு ‘இம்ப்ளோஷன்’ என்று பெயர். அமெரிக்காவின் என்எஃப்பிஏ 85 போன்ற பாதுகாப்பு விதிகள் இதைத் தனியாகவே கவனிக்கின்றன. ஃபேன் பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்ற எண்ணம் எல்லா இடத்திலும் செல்லாது என்பதற்கு இது சாட்சி.

சரி, என்ன செய்யலாம்?

முதல் வேலை, மாற்றத்துக்கு முன்பே அளப்பது. காற்றின் அளவு, ஃபேனுக்கு முன்னும் பின்னும் அழுத்தம், வெப்பநிலை, ஆர்பிஎம், ஆம்பியர். ஒரு பிட்டோ டியூப், ஒரு மானோமீட்டர், ஒரு டேக்கோமீட்டர், ஒரு கிளாம்ப் மீட்டர் போதும். “டிராயிங்கில் இருக்கே” என்பது பதில் அல்ல. பல வருடம் ஓடிய ஃபேன் டிராயிங்படி ஓடுவதில்லை.

இரண்டாவது, புதிய கருவியின் தடையைச் சுத்தமான நிலையில் மட்டும் கேட்காமல், தூசி படிந்த நிலையிலும் எழுத்தில் வாங்குவது. ஃபேனைத் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்த மோசமான நிலைக்குத்தான்.

மூன்றாவது, ஃபேன் வேகத்தைக் கூட்டும் முன் தடையைக் குறைக்கப் பார்ப்பது. தேவையில்லாத வளைவுகள், ஃபேன் வாயை ஒட்டியே வரும் திருப்பங்கள், டக்டில் படிந்த மண், ஓட்டைகள், ஃபில்டருக்கு அடியில் கசியும் வால்வு. ஃபேனுக்கு முன்னால் உள்ள ஓட்டை வழியாக நுழையும் ஒவ்வொரு கன மீட்டர் வெளிக்காற்றும், ஹுட் இழுக்க வேண்டிய காற்றைத் திருடுகிறது. ஹுட்டைத் தூசி கிளம்பும் இடத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தால், குறைவான காற்றே போதும். செலவு குறைந்த வழி இதுதான்.

நான்காவது, அதற்குப் பிறகும் போதாவிட்டால் வேகம், புதிய இம்பெல்லர், புதிய மோட்டார், தேவைப்பட்டால் புதிய ஃபேன் என்று வரிசையாகப் பார்ப்பது. மின்செலவையும் முதலிலேயே போட வேண்டும். நம் உதாரணத்தில் கூடுதல் 15 கிலோவாட், வருடத்துக்கு 6,000 மணி நேரம் ஓடினால் 90,000 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் 7.2 லட்சம் ரூபாய். முன்கூட்டியே தெரியாத இந்தச் செலவுதான், பிறகு டேம்பரை மூடவோ, “ராத்திரி ஷிஃப்ட்ல ஆஃப் பண்ணிடு” என்று சொல்லவோ வைக்கிறது.

ஐந்தாவது, எல்லாம் முடிந்தபின் சிம்னியில் மட்டுமல்ல, ஒவ்வொரு ஹுட்டிலும் மறுபடி அளப்பது. அந்த எண்ணை ஹுட்டின் மேலேயே பெயின்டில் எழுதி வைத்தால், அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பொறுப்பு யாருடையது?

ஃபில்டர் விற்பவர் சிம்னியில் இத்தனை மில்லிகிராம்தான் வரும் என்று உத்தரவாதம் தருகிறார். ‘இருக்கும் ஃபேன் வாங்குபவர் பொறுப்பு’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால், அவர் வேலை முடிந்தது. ஃபேன் தயாரிப்பாளருக்கு ஃபில்டர் மாறியதே தெரியாது. ஆய்வுக்கு வருபவர் சிம்னியைப் பார்த்துவிட்டுப் போகிறார். ஆளுக்கொரு துண்டு கையில் இருக்கிறது. முழுப் பாதையும் யார் கையிலும் இல்லை.

இதை மாற்றப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. பர்ச்சேஸ் ஆர்டரில் சிம்னி அளவோடு ‘ஹுட்டில் இத்தனை கன மீட்டர் காற்று’ என்ற வரியையும் சேர்த்து, கடைசித் தவணைப் பணத்தை அதோடு கட்டிப்போடலாம். கருவியை மாற்றியதற்கான அறிக்கையில், ஃபேன் அளவீடுகள் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எப்படி இருந்தன என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கேட்கலாம். தொழிற்சாலை ஆய்வாளரும் அதே தாளைப் பார்க்கலாம். ஒரு பக்கத் தாள்தான்.

தொழிற்சாலைகளில் புராஜெக்ட், மெயின்டனன்ஸ், பர்ச்சேஸ் பிரிவுகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் அடுத்த மீட்டிங்கில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: “ஃபில்டர் மாத்துறோம் சரி, ஃபேன் கர்வில் நாம இப்ப எங்க நிக்கிறோம்?” யாராலும் பதில் சொல்ல முடியவில்லை என்றால், அந்த புராஜெக்ட் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். மாசுக் கட்டுப்பாடு என்பது தூசியைத் தெருவிலிருந்து பட்டறைக்குள் இடம் மாற்றுவது அல்ல. அது கிளம்பும் இடத்திலேயே பிடிபட வேண்டும். அதைப் பிடிப்பது ஃபில்டர் அல்ல, ஃபேன் இழுக்கும் காற்று.